சாத்துக்குடியும் ஒரு கதையும்

எங்கள் பக்கத்தில் யாராவது கால் உடைந்து படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் கையில் சாத்துக்குடி இருக்கும், வாயில் ஒரு கதை இருக்கும். சாத்துக்குடி இல்லாமல் வந்தவர்கள் உண்டு, கதை இல்லாமல் வந்த ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

2024 ஜூலையில் படுத்தவன் நான். பாரிமுனையில் வேலை முடிந்து எண்ணூர் விரைவுச் சாலை வழியாக ஒரு ஆளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நிற்க, லேசான தூறல், ரோட்டில் எங்கேயோ டீசல் கசிந்திருக்கிறது. வண்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். வலது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, மூட்டோடு சேர்த்து எலும்பு உடைந்துவிட்டது. பிளேட் வைத்து ஸ்குரு போட்டார்கள். மூன்று மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடு முதல் மாடி, படிக்கட்டு ஒரு ஆள் அகலம். என்னை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அதில் ஒருவர் ஏறும்போதே முதல் கதையை ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னது நடராஜன் கதை. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த பையன், 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராகப் போய், அங்கே ஒவ்வொருவராகக் காயம்பட்டு விழ விழ, ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகி, பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். நல்ல கதைதான். ஆனால் ‘அண்ணே, இதுக்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்க வாய் வரை வந்தது. வேடிக்கை என்னவென்றால் சம்பந்தம் இருந்தது. அந்தப் பயணம் முடிந்த சில மாதத்திலேயே, 2021 ஏப்ரலில், நடராஜனுக்கு முழங்காலில் ஆபரேஷன். கதை சொன்னவருக்கு அது தெரியவில்லை. படிக்கட்டில் பாதித் தூக்கில் இருந்ததால் நானும் சொல்லவில்லை.

அடுத்து வந்தவர் அஜித்தின் முதுகைச் சொன்னார். ஆபீஸில் இருந்து வந்தவர் ரஜினி கண்டக்டராக இருந்ததைச் சொன்னார், அதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் யாரையும் தேற்ற முடியாது போலிருக்கிறது. சொல்லிவிட்டு, ரெண்டாவது மாதத்தில் இருந்து சம்பளம் பாதிதான் வரும் என்பதையும் அவரே சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் கதைகளில் தலைமைக் கதை எங்கள் அத்தையுடையது. திருவொற்றியூர் தேரடியில் இருந்து மெட்ரோ பிடித்து வாரம் தவறாமல் வருவார், வந்து உட்கார்ந்ததும் விக்ரம்தான். “காலேஜ்ல படிக்கும்போதே வண்டில அடிபட்டு, காலையே எடுக்கணும்னு டாக்டருங்க சொல்லிட்டாங்கடா. மூணு வருஷம் படுக்கை. இருபத்து மூணு ஆபரேஷன். நீ ஒண்ணுக்கே மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு இருக்கிறியே.” அடுத்த வாரம் அது இருபத்தைந்து ஆனது. ஆடி முடிவதற்குள் முப்பதைத் தொட்டுவிட்டது. நான் ஒரு தடவை திருத்தினேன், “இருபத்து மூணு, அத்தை” என்று. “பார்த்தியா, உனக்கே தெரியுது” என்றார்.

உண்மையைச் சொன்னால் அந்த எண்ணிக்கை எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. அடுத்தவனுக்கு இருபத்து மூன்று என்பதால் என்னுடைய ஒன்று வலிக்காமல் போய்விடுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஸ்குரு போட்ட இடம் குடைய ஆரம்பித்தால் எந்த நடிகரும் ஞாபகத்துக்கு வருவதில்லை, மாத்திரை டப்பா எங்கே என்பதுதான் ஞாபகத்துக்கு வரும். வாட்ஸ்அப்பில் வருவது இதைவிட மோசம், யாரோ ஒரு விளையாட்டு வீரர் படத்தைப் போட்டு அவர் ஜென்மத்தில் சொல்லியிருக்காத ஒரு வாக்கியத்தைக் கீழே போட்டுக் ‘காலை வணக்கம்’ என்று அனுப்புகிறார்கள்.

ஆனாலும் படுத்துக்கிடக்கிறவனுக்கு நேரம் மட்டும் தாராளமாக இருக்கிறது. ஒரு நாள் போனில் விக்ரமைப் பற்றி நானே தேடிப் படித்தேன். கால் கதையைவிட அதற்கு அப்புறம் வந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1990-ல் முதல் படம். ‘சேது’ வந்தது 1999 டிசம்பரில். நடுவில் ஒன்பது வருடம் நடித்ததில் பெரிதாக எதுவும் ஓடவில்லை. அந்த வருடங்களில் அவர் மற்றவர்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். ‘அமராவதி’யில் அஜித்துக்கு, ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கு, ‘காதல் தேசம்’ படத்தில் அப்பாஸுக்கு. ‘காதலன்’ எங்கள் வீட்டில் எத்தனை தடவை ஓடியிருக்கும்! ஊரே விசிலடித்த வசனத்தைப் பேசினவர் தியேட்டரில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது. சவுண்டு மட்டும் அவருடையது, முகம் வேறொருவருடையது. அப்படி ஒரு இருட்டு அறையில் மைக் முன்னால் நின்றுகொண்டு, வேறொரு ஆளின் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசிவிட்டு, அன்றைய காசை வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் எழுந்து உடற்பயிற்சி செய்திருப்பார் இல்லையா? அந்த நாளைப் பற்றி யாருமே கதை சொல்வதில்லை. அத்தையிடம் இதைச் சொன்னேன். “அதெல்லாம் யாருக்குடா தெரியும், ஆபரேஷன்தான் முக்கியம்” என்றார்.

அப்பா வேறு மாதிரி. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறிவுரை சொல்லத் தெரியாது. சாயந்திரம் ஆனால் என் கட்டில் ஓரம் உட்கார்ந்து போனில் நாகேஷ் காமெடி போடுவார், அவ்வளவுதான். அவர் காலத்தில் அகஸ்தியா தியேட்டரில் பார்த்த படங்கள். அந்தத் தியேட்டரும் 2020-ல் மூடிவிட்டார்கள். தருமி புலம்பும் இடத்தில் அப்பா சிரிக்கிற சிரிப்பில் கட்டில் ஆடும், கட்டில் ஆடினால் எனக்குக் கால் வலிக்கும், வலித்தாலும் நானும் சிரித்துவிடுவேன். நாகேஷ் தாராபுரத்துக்காரர், சென்னையில் ரயில்வே குமாஸ்தா. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஆபீஸ் நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகக் கொஞ்ச நேரமே வருகிற வேஷம். வலியில் அவர் துடித்த துடிப்பைப் பார்த்துத் தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார் என்று அப்பா சொன்னார். “வயித்துவலிக்கு வந்த கைதட்டுடா அவரு சினிமா வாழ்க்கை” என்றார். அது மட்டும்தான் அவர் சொன்னது. அதற்கு மேல் ‘அதனால நீயும்’ என்று எதையும் ஒட்டவில்லை. அதனாலேயே அப்பா போடும் நாகேஷை நான் எதிர்பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஃபிசியோ ஆரம்பமானது. உண்மையான கஷ்டம் அங்கேதான். எலும்பு தானாகச் சேர்ந்துவிடும், ஆனால் மடக்காமல் கிடந்த முட்டி பூட்டிக்கொண்டுவிடும். வீட்டுக்கு வந்த ஃபிசியோ தம்பி வியாசர்பாடிக்காரர், பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்தார், பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானிக்கு ரெண்டு கை முளைத்த மாதிரி. முதல் நாள் என் முட்டி மடங்கினது 35 டிகிரி. தரையில் சம்மணம் போட 130-க்கு மேல் வேண்டும் என்றார். குதிகாலைப் பிடித்து மெதுவாகத் தள்ளுவார், நான் தலையணையைக் கடித்துக்கொள்வேன். ஒரு வாரம் போராடினால் 5 டிகிரி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சோம்பேறித்தனமாக இருந்துவிட்டால் திங்கட்கிழமை அதில் 3 போயிருக்கும். அம்மா காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் என் டிகிரியையும் எழுதிவைத்தார்.

ஃபிசியோ தம்பியிடமும் ஒரு கதை இருந்தது, ஆனால் அவர் கதையில் முட்டி இருந்தது என்பதால் மன்னித்தேன். அவர் ஏரியாப் பையன் தனபால் கணேஷ். வியாசர்பாடித் தெருவில் பந்து உதைத்து வளர்ந்து, 2018-ல் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். கால்பந்துக் கோப்பை வாங்கியபோது நடுக்களத்தில் ஆடியவர். அடுத்த சீசன் முழங்கால் காயத்தில் போனது. “கோப்பையைத் தூக்கினப்ப எல்லாரும் பட்டாசு வெடிச்சாங்கண்ணா. இவரு திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப எவனும் வெடிக்கல” என்றார் தம்பி, சொல்லிக்கொண்டே என் காலை ஒரு தள்ளு. 60 டிகிரி.

மாரியப்பனைப் பற்றி எழுதத்தான் இதை ஆரம்பித்தேன், வளவளவென்று எங்கேயோ போய்விட்டது.

மாரியப்பன் தங்கவேலு எல்லோருக்கும் தெரிந்தவர்தான். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அம்மா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். நம் ஆட்கள் சொல்கிற கதை இத்தோடு முடிந்துவிடும், அடுத்து பரிசுத்தொகை, பாராட்டு விழா, பொன்னாடை.

நான் பார்த்தது அதற்கு அப்புறம். 2021-ல் நடந்த டோக்கியோ. தொடக்க விழாவில் இந்தியக் கொடியைத் தூக்கிப் போக வேண்டியவர், விமானத்தில் வந்த ஒருவருக்குக் கொரோனா என்பதால் தனிமைப்படுத்தப்பட்டு, கொடி வேறொருவர் கைக்குப் போனது. போட்டி அன்று மழை. ஊனமான பாதத்தில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துபோனதில் தாண்டச் சிரமமாக இருந்தது என்று பின்னால் சொன்னார். 1.86, வெள்ளி. தங்கம் வாங்கிய அமெரிக்கர் தாண்டியது 1.88. மாரியப்பன் ஐந்து வருடம் முன்னால் அதற்கு மேலேயே தாண்டியவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் பாரிஸ். 2024 செப்டம்பர் 3, நமக்கு நள்ளிரவு தாண்டுகிற நேரம். எனக்குத்தான் தூக்கம் கிடையாதே, காலுக்கடியில் ரெண்டு தலையணை, காதில் இயர்போன், மேலே ஃபேன். அந்த ஓட்டத்தைச் சின்னத் திரையில் கண் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் சில அடி கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கும், அப்புறம் ஒரு தாளம் வரும், கம்பிக்குப் பக்கத்தில் வந்ததும் நல்ல கால் தரையை ஒரு அறை அறையும், உடம்பு பக்கவாட்டில் சுருண்டு ஏறும். கம்பி அதிர்ந்தால் அது விழுமா நிற்குமா என்று அந்த மெத்தையில் மல்லாந்து கிடந்தபடியே பார்ப்பார். தாண்டிய எல்லோருக்கும் அந்த ஒரு நொடி உண்டு, கீழே கிடந்துகொண்டு மேலே பார்க்கிற நொடி. நானும் கீழே கிடந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1.85, வெண்கலம். இந்தியாவின் சரத் குமாருக்கு 1.88-ல் வெள்ளி, அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெச்சுக்கு 1.94-ல் தங்கம்.

1.89, 1.86, 1.85. தங்கம், வெள்ளி, வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் என்று மறுநாள் எல்லோரும் எழுதினார்கள், சரிதான். ஆனால் அந்த எண்களை வரிசையாகப் பார்த்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. ஏறிக்கொண்டே போகிறவன் மறுபடி மறுபடி மைதானத்துக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. இறங்குகிறது என்று தெரிந்தும் எட்டு வருடம் வந்து நிற்கிறார் பாருங்கள். ஒன்பது சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டுகிற பையன் வந்துவிட்டான். தங்கம் வாங்கின கையோடு ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘அந்தக் காலத்தில்’ என்று மேடையில் பேசிக்கொண்டிருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இதில் தோல்வியா வெற்றியா என்று பிரிப்பதிலும் அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் அதே 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கியவரும் இவர்தான். முட்டி மாதிரியே, ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் போகிறது.

அத்தையிடம் மாரியப்பனைச் சொன்னேன். “வெண்கலமா? அடப்பாவமே” என்றார். அதுதான், அந்த ‘அடப்பாவமே’வைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. அரை மணி நேரம் அத்தையோடு சண்டை போட்டேன். காபி ஆறிப்போனது.

அக்டோபரில் ஊன்றலாம் என்றார்கள், வாக்கர் வந்தது. முட்டி 90-ல் வந்து நின்றுவிட்டது, மூன்று வாரமாக அங்கேயே. எரிச்சலில் ஃபிசியோ தம்பி வரும் நேரத்துக்குத் தூங்குகிற மாதிரி நடிக்க ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் மாடி வீட்டுப் பெண் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏழாவது படிக்கிறாள், சாயந்திரம் கேரம் கோச்சிங் போகிறவள். கோச்சிங் இல்லாத நாளில் ஆட ஆள் கிடைக்காமல், நகர முடியாத ஒருவன் கீழே இருக்கிறான் என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

வடசென்னையில் கேரம் என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெருவிளக்குப் போதாது என்று கம்பத்தில் இருந்து வயர் இழுத்து, அட்டையைக் கூம்பாக மடித்துப் பல்பை மூடி, வெளிச்சம் போர்டில் மட்டும் விழுகிற மாதிரித் தொங்கவிட்டு, ராத்திரி பன்னிரண்டு வரை ஆடுவார்கள். சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 என்று ரெண்டு தடவை உலக சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது. வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸ் போய் உலகப் பட்டம் வாங்கி வந்தார். இத்தனைக்கும் கேரம் ஒலிம்பிக்கில் கிடையாது, டி.வி.யில் காட்ட மாட்டார்கள், பெட்டிக்கடை விளம்பரத்தில்கூட இந்த முகங்கள் வராது.

அந்தப் பெண் போர்டை ஸ்டூல் மேல் வைத்தாள், ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் தினத்தந்தியை மடித்து அடியில் கொடுத்தாள். ஒரு காயினைச் சுண்டி அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, இன்னொரு மடிப்பு. போரிக் பவுடரைத் தூவி உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்தாள். “அண்ணா, ரூல் தெரியுமா? போர்டு முடியிற வரைக்கும் சேரை விட்டு எழுந்திருக்கக் கூடாது, சேரை நகத்தவும் கூடாது.” எனக்கென்றே எழுதின விதி.

முதல் போர்டில் எனக்கு ஒரு காயின்கூடப் போகவில்லை. சிவப்புக் காயினைப் போட்டு, அதைச் சொந்தமாக்கும் ஃபாலோ காயினையும் உடனே போட்டுவிட்டு, முகத்தில் ஒன்றுமே காட்டாமல் பவுடரைத் துடைத்தாள். நான் ஒரே ஒரு கட் ஷாட்டை மூன்று தடவை தவறவிட்டேன். “இதை நாங்க ஒரு நாளைக்கு நூறு தடவை அடிப்போம், கேம் ஆட விட மாட்டாங்க, இது மட்டும்தான். சில நாள் நூறும் போவாது” என்றாள். போகாவிட்டால்? “நாளைக்கும் இதேதான்” என்றாள், ‘மழை வந்தா நனையும்’ என்று சொல்கிற மாதிரி.

நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வாங்கிய செய்தி வந்தது. பதினேழு வயது, புது வண்ணாரப்பேட்டைப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுநர். அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குரூப் முழுக்க அவர் படம்தான், கீழே வழக்கம்போல அவர் சொல்லாத வாக்கியம். மாடி வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். வாக்கியத்தைப் படிக்கவே இல்லை, படத்தைப் பெரிதாக்கி விரல்களைப் பார்த்தாள். “அக்கா ஸ்ட்ரைக்கரை எப்படி வெச்சிருக்காங்க பாருங்கண்ணா.”

அதற்கு அடுத்த நாள் ஃபிசியோ தம்பி வந்தபோது நான் தூங்கவில்லை. பெரிய மாற்றம் என்று நினைக்காதீர்கள், அன்றைக்கும் 90 தான். டிசம்பர் பாதியில் 97.

இப்போது 118-ல் இருக்கிறது. அதற்கு மேல் வருவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாண வீட்டில் பந்திப் பாய் போட்டால் எனக்கு மட்டும் நாற்காலி. காசிமேடு வரை நடந்து போய் மீன் வாங்கி வருகிறேன். பவுடர் போர்வையெல்லாம் படிந்தது என்று அம்மா கத்தினதில் கேரம் போர்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. படி ஏறி அங்கே போகிறேன். அந்தப் பெண்ணிடம் இதுவரை மூன்று போர்டு ஜெயித்திருக்கிறேன், அதில் ஒன்று அவளுக்குக் காய்ச்சல்.

போன மாதம் அத்தை பாத்ரூமில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மெட்ரோவில் தேரடி போய் இறங்கினேன், வாசல் கடையில் சாத்துக்குடி ஒரு டஜன். படியேறும்போதே யோசனைதான், யாரைச் சொல்வது, விக்ரமையா, மாரியப்பனையா, முப்பது ஆபரேஷன் என்று ஆரம்பித்தால் சிரிப்பாரா. கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தை என்னைப் பார்த்ததும் நல்ல கையைத் தூக்கிக் காட்டினார்.

“கதை எதுனா சொன்னேன்னு வெச்சுக்கோ, எழுந்து போயிடு.”

சரி என்று பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தேன். விதையை எடுத்துவிட்டு ஒவ்வொரு சுளையாக இடது கையில் கொடுக்க வேண்டியிருந்தது.